ஒட்டுண்ணித் தொற்றுக்கு மருந்து கொடுப்பது எப்படி: வரிசையோடு ஒரு முழுமையான வழிகாட்டி

குடற்புழு, அமீபா, மலேரியா என்று வருபவர்களுக்குப் புதிதாக மருந்து எழுதத் தொடங்குபவர்கள் மருந்தின் பெயரில் அதிகம் தவறுவதில்லை. பெயரும் அளவும் எந்தக் கையேட்டிலும் கிடைக்கும். அவர்கள் தடுமாறுவது வரிசையில்தான். எதை முதலில் விசாரிப்பது, எந்த மருந்துக்குப் பின் எது, இரண்டாம் தவணை எப்போது, குணமாகிவிட்டதா என்று எந்த நாளில் பார்ப்பது என்பதில்தான் சிகிச்சை கோணலாகிறது.

இது இளம் மருத்துவர்கள், செவிலியர்கள், மருந்தாளுநர்களுக்காக எழுதியது. வீட்டில் தானாக மருந்து எடுத்துக்கொள்வதற்கான குறிப்பு அல்ல. வேறு சொல்லாத இடங்களில் அளவுகள் பெரியவர்களுக்கானவை. மலேரியாவுக்கும் லீஷ்மேனியாவுக்கும் (மணல் ஈ கடித்துப் பரவும் ஒட்டுண்ணி நோய்) உங்கள் நாட்டின் சிகிச்சை நெறிமுறை எதுவோ அதுவே முதலில். மருந்துக்கு அசையாத வகைகள் இடத்துக்கு இடம் மாறுகின்றன.

1. மருந்துச் சீட்டை எடுக்கும் முன் கேட்க வேண்டியவை

எடை. இதைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள், தராசில் நிறுத்துங்கள். இந்த மருந்துகளில் பாதிக்கு மேல் கிலோ கணக்கில் போகிறவை. ஐவர்மெக்டின் 15 கிலோவுக்குக் குறைவான குழந்தைக்கு வழக்கமாகத் தரப்படுவதில்லை. ஆர்ட்டிமீத்தர்-லூமிபான்ட்ரின் மாத்திரை 5, 15, 25, 35 கிலோ என்ற எல்லைகளில் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று கூடும். எல்லையில் நிற்கும் குழந்தைக்கு ஒரு கிலோ தவறினாலே அளவு மாறிவிடும்.

கர்ப்பம். முதல் மூன்று மாதத்தில் அல்பெண்டசோலைத் தவிர்க்கிறோம். பிரைமாகுவின் கர்ப்பகாலம் முழுவதும் கூடாது. வயிற்றிலுள்ள குழந்தையின் ஜி6பிடி (சிவப்பணுவைக் காக்கும் நொதி) நிலையை அறிய வழியில்லை என்பதுதான் காரணம். லீஷ்மேனியாவுக்கான மில்ட்டிஃபோசினுக்கு முன் கர்ப்பப் பரிசோதனை கட்டாயம்.

ஏற்கெனவே சாப்பிடும் மருந்துகள். ஃபெனிடோயின், கார்பமசெபின் இரண்டும் பிராசிகுவான்டெலை உடலிலிருந்து வேகமாக வெளியேற்றும். ரிஃபாம்பிசின் இன்னும் மோசம். அதோடு பிராசிகுவான்டெல் கொடுக்கவே கூடாது. மெட்ரோனிடசோல், வார்ஃபரினின் வேலையைக் கூட்டி இரத்தப்போக்குவரை கொண்டுபோகும்.

வலிப்பு, விடாத தலைவலி, பார்வைக் குறை, தோலடிக் கட்டிகள். இந்த நான்கையும் எல்லோரிடமும் கேளுங்கள். காரணம் 6-ஆம் பகுதியில் வருகிறது.

கடைசியாக, எங்கெல்லாம் வாழ்ந்தார் என்பது. போன மாதப் பயணத்தை மட்டும் கேட்டுவிட்டு நிறுத்திவிடுவார்கள். ஸ்ட்ராங்கிலாய்டிஸ் புழு உடலுக்குள்ளேயே தன்னைப் புதுப்பித்துக்கொண்டு பல பத்தாண்டுகள் இருக்கும். சிறுவயதில் வெறுங்காலோடு மண்ணில் நடந்தவருக்கு அறுபது வயதில்கூட அது இருக்கலாம்.

2. எந்த உயிரி என்று உறுதி செய்யுங்கள்

மலப் பரிசோதனைக்கு வெவ்வேறு நாட்களில் எடுத்த மூன்று மாதிரிகள் வேண்டும். முட்டையும் நீர்க்கட்டி வடிவமும் (அமீபா போன்றவற்றின் உறையிட்ட நிலை) தினமும் ஒரே அளவில் வெளியே வருவதில்லை. ஒரே மாதிரியில் ‘ஒன்றுமில்லை’ என்று வந்தால் அதை வைத்து எதையும் தள்ளிவிட முடியாது. மாதிரி எடுத்த பிறகே மருந்து. முந்தைய நாள் ஆன்டிபயாடிக் சாப்பிட்டிருந்தால் விடை மங்கிவிடும்.

தண்ணீராகப் போகும் மலத்தை அரை மணி நேரத்துக்குள் நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். நகரும் வடிவம் சீக்கிரம் சிதைந்துபோகும். மேசையில் மதியம்வரை கிடந்த டப்பாவில் அமீபாவைத் தேடிப் பயனில்லை.

அறிக்கையைப் படிப்பதிலும் ஒரு பழக்கம் வேண்டும். ‘என்டமீபா கோலை நீர்க்கட்டிகள் காணப்பட்டன’ என்று வந்திருக்கும். புதியவர் ‘என்டமீபா’ வரை படித்துவிட்டு மெட்ரோனிடசோல் எழுதிவிடுவார். அது நோய் தராத குடல்வாசி. மருந்து எழுதினால் நோயாளிக்குக் கிடைப்பது ஒரு வாரத்துக்கு வாயில் உலோகச் சுவையும் குமட்டலும்தான். எண்டோலிமாக்ஸ் நானாவும் அப்படியே.

நோய் தரும் என்டமீபா ஹிஸ்டோலிட்டிகாவும், தீங்கில்லாத டிஸ்பாரும் நுண்ணோக்கியில் ஒன்றுபோலவே இருக்கும். உள்ளே சிவப்பணுவை விழுங்கிய நகரும் வடிவம் தெரிந்தால் சந்தேகம் ஹிஸ்டோலிட்டிகா பக்கம் சாயும். இல்லையென்றால் ஆன்டிஜன் (கிருமிப் புரதம்) அல்லது பிசிஆர் (மரபணு) சோதனைதான் பிரித்துச் சொல்லும்.

3. அது உடலில் எங்கே இருக்கிறது?

இந்தக் கேள்விக்கு விடை தெரிந்தால் வரிசையில் பெரும்பகுதி தானாக வந்துவிடும். குடல் குழாய்க்குள் மட்டும் இருக்கிறதா, திசுவுக்குள் போய்விட்டதா, இரத்தத்திலா, கல்லீரலில் உறங்குகிறதா?

பாரோமோமைசினும் நிக்லோசமைடும் இரத்தத்தில் ஏறுவதே இல்லை என்று சொல்லலாம். குடலுக்குள் இருப்பதை அவை கொல்லும், கல்லீரலில் இருப்பதைத் தொடாது. மெட்ரோனிடசோல் நேர்மாறு. நன்றாக உறிஞ்சப்பட்டுத் திசுவுக்குப் போய்விடுவதால் குடலில் இருக்கும் நீர்க்கட்டி வடிவங்கள் தப்பிவிடுகின்றன.

அல்பெண்டசோல் இரண்டு பக்கமும் வேலை செய்யும்; தீர்மானிப்பது சாப்பாடு. கொழுப்புள்ள உணவோடு எடுத்தால் இரத்தத்தில் ஏறும் அளவு ஐந்து மடங்குவரை கூடும். மூளையிலோ கல்லீரலிலோ உள்ள நீர்க்கட்டிக்கு (நாடாப்புழுவின் இளநிலை தங்கிய கட்டி) அப்படித்தான் கொடுக்க வேண்டும். குடற்புழுவுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ‘சாப்பாட்டுக்குப் பின்’ என்று மட்டும் சீட்டில் எழுதினால் நோயாளி கஞ்சி குடித்துவிட்டுப் போட்டுக்கொள்வார். கொழுப்பு வேண்டுமென்றால் அதையும் எழுதுங்கள்.

4. குடற்புழுக்கள்: ஒரே மாத்திரையில் எல்லாம் முடியாது

உருளைப்புழுவுக்கும் கொக்கிப்புழுவுக்கும் அல்பெண்டசோல் 400 மி.கி. ஒரு வேளை. ஒன்று முதல் இரண்டு வயதுவரை 200 மி.கி. மெபெண்டசோல் என்றால் 100 மி.கி. காலை, மாலை என மூன்று நாள். கொக்கிப்புழுவுக்கு 500 மி.கி. ஒற்றை வேளையை விட இந்த மூன்று நாள் முறை மேல். கொக்கிப்புழுவோடு இரத்தசோகை இருந்தால் இரும்புச்சத்து மாத்திரையையும் அன்றே தொடங்குங்கள். புழு செத்தாலும் போன இரத்தம் தானாகத் திரும்பாது.

சாட்டைப்புழு பிடிவாதக்காரன். தலைப்பகுதியைக் குடற்சுவரில் செருகிக்கொண்டிருப்பதால் ஒற்றை மாத்திரைக்குப் பெரும்பாலும் அசையாது. மெபெண்டசோல் 100 மி.கி. இருவேளை மூன்று நாள், அல்லது அல்பெண்டசோல் 400 மி.கி. மூன்று நாள் தேவை. ஒரு மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டு, மீண்டும் முட்டை தெரிந்ததும் ‘மருந்து வேலை செய்யவில்லை’ என்று முடிவு கட்டுவதை அடிக்கடி பார்க்கிறேன்.

சின்னக் குழந்தைக்கு மாத்திரையைப் பொடித்து, தண்ணீர் கலந்து கொடுங்கள். மூக்கைப் பிடித்து வாயில் திணிக்கக் கூடாது. அழுகிற குழந்தைக்குப் புரையேறி மூச்சடைத்துப்போகும். இந்த மாத்திரையால் வரக்கூடிய பெரிய ஆபத்து அதன் பக்கவிளைவல்ல, இந்தத் திணிப்புதான். குழந்தை மறுத்தால் அன்றைக்கு விட்டுவிட்டு மறுநாள் பார்க்கலாம். ஒரு நாளில் எதுவும் குடிமுழுகாது.

கீரிப்பூச்சியை மலப் பரிசோதனையில் தேடாதீர்கள். இரவில் பெண்புழு ஆசனவாய்க்கு வெளியே வந்து முட்டையிடும். காலையில் எழுந்ததும், கழுவுவதற்கு முன், ஒளிபுகும் ஒட்டுநாடாவை அங்கே அழுத்தி எடுத்து நுண்ணோக்கியில் பாருங்கள். இதற்கு அல்பெண்டசோல் 400 மி.கி., மெபெண்டசோல் 100 மி.கி., அல்லது பைரன்டெல் கிலோவுக்கு 11 மி.கி. (அதிகபட்சம் 1 கிராம்), ஏதாவது ஒன்று ஒரு வேளை. அப்புறம் சரியாக இரண்டு வாரம் கழித்து அதையே இன்னொரு முறை.

இரண்டாம் தவணை ஏன்? இந்த மருந்துகள் புழுவைக் கொல்லும், முட்டையை நம்பும்படியாகக் கொல்வதில்லை. தப்பிய முட்டைகள் பொரிந்து வளர்ந்து, புதிதாக முட்டையிடுவதற்குள் பிடிக்க வேண்டும். அதே காரணத்தால் வீட்டிலுள்ள அனைவரும் ஒரே நாளில் மருந்து எடுக்க வேண்டும். குழந்தைக்கு மட்டும் கொடுத்தால் அடுத்த மாதம் திரும்ப வருவார்கள்.

5. ஸ்ட்ராங்கிலாய்டிஸ்: ஸ்டீராய்டுக்கு முன்

தனிப் பகுதியாக எழுதக் காரணம், இங்கே வரிசை தப்பினால் உயிர் போகும். அறிகுறியே இல்லாமல் குடலில் கிடக்கும் இந்தப் புழு, ஸ்டீராய்டு ஆரம்பித்ததும் கட்டுக்கடங்காமல் பெருகி நுரையீரல், மூளை என்று பரவும். போகும் வழியில் குடல் பாக்டீரியாவையும் இரத்தத்துக்குள் இழுத்துக்கொண்டு போகும். எச்.டி.எல்.வி-1 வைரஸ் தொற்று உள்ளவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு.

நீண்டநாள் ஸ்டீராய்டு, உறுப்பு மாற்று, புற்றுநோய் மருந்து, இவற்றில் எதையாவது தொடங்கும் முன் இந்தப் புழு உள்ள பகுதியில் வாழ்ந்தவரா என்று பாருங்கள். ஒரு மலப் பரிசோதனை இதைப் பெரும்பாலும் தவறவிடும். எதிர்ப்பொருள் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். முடிவுக்குக் காத்திருக்க நேரமில்லை, சந்தேகமும் வலுவாக இருக்கிறது என்றால், லோவா லோவா என்ற புழுவின் பயம் இல்லாத பட்சத்தில் (8-ஆம் பகுதி), ஐவர்மெக்டினைக் கொடுத்துவிடுவதே நல்லது.

அளவு: கிலோவுக்கு 200 மைக்ரோகிராம், ஒரு நாள் அல்லது அடுத்தடுத்து இரண்டு நாள், வெறும் வயிற்றில் தண்ணீரோடு. அல்பெண்டசோல் ஒற்றை மாத்திரை இதற்குப் போதாது. ஐவர்மெக்டின் கிடைக்காதபோது 400 மி.கி. இருவேளை ஏழு நாள் என்பது மாற்று வழி, திறன் குறைவுதான். ‘போன வாரம்தான் பூச்சி மாத்திரை போட்டாரே’ என்ற பதிலில் திருப்தி அடையாதீர்கள்.

6. நாடாப்புழுவும் மூளையில் நீர்க்கட்டியும்

குடலில் நாடாப்புழு இருந்தால் பிராசிகுவான்டெல் கிலோவுக்கு 5 முதல் 10 மி.கி. ஒரு வேளை, அல்லது நிக்லோசமைடு 2 கிராம் ஒரு வேளை. பன்றி வழி வரும் நாடாப்புழுவின் முட்டையும் மாட்டு வழி வருவதன் முட்டையும் பார்வைக்கு ஒன்றே. எது என்று தெரியாதபோது முதலாவது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் பகுதியில் கேட்கச் சொன்ன வலிப்பும் தலைவலியும் இங்கே உதவும். பிராசிகுவான்டெல் மூளைக்குள்ளும் போகும். அறியாமல் அங்கே ஒளிந்திருக்கும் நீர்க்கட்டியை அது தாக்கினால் வீக்கம் வந்து வலிப்பு வரலாம். அந்தச் சந்தேகம் உள்ளவருக்கு, இரத்தத்தில் ஏறாத நிக்லோசமைடு பாதுகாப்பான தேர்வு.

மூளை நீர்க்கட்டி உறுதியானால் அவசரப்படாதீர்கள். புழு மருந்து இங்கே கடைசியில் வருவது. வரிசை இப்படி:

முதலில் வலிப்பைக் கட்டுப்படுத்தும் மருந்து. மண்டைக்குள் அழுத்தம் கூடியிருந்தால் அதற்கான சிகிச்சை. அழுத்தம் தணியாமல் புழு மருந்து கூடாது. அடுத்து கண் மருத்துவரிடம் விழித்திரைப் பரிசோதனை. கண்ணுக்குள் கட்டி இருக்கும்போது மருந்து கொடுத்தால், அது செத்து வீங்கிப் பார்வையே போய்விடும். பிறகு காசநோய், ஸ்ட்ராங்கிலாய்டிஸ் இரண்டுக்குமான பரிசோதனை, ஏனென்றால் அடுத்து வரப்போவது ஸ்டீராய்டு. அதன் பின் ஸ்டீராய்டு. எல்லாம் முடிந்து கடைசியில் அல்பெண்டசோல், ஒரு நாளைக்கு கிலோவுக்கு 15 மி.கி., இரண்டாகப் பிரித்து, 1200 மி.கி. மிகாமல், 10 முதல் 14 நாள். உயிருள்ள கட்டி இரண்டுக்கு மேல் இருந்தால் பிராசிகுவான்டெலும் சேரும், ஒரு நாளைக்கு கிலோவுக்கு 50 மி.கி.

ஸ்டீராய்டு ஏன் முன்னால் வருகிறது? உயிரோடு இருக்கும் கட்டியை உடல் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. அது சாகும்போது கசியும் பொருளுக்குத்தான் மூளை வீங்குகிறது. மருந்து தொடங்கிய முதல் வாரத்தில் தலைவலி கூடினால் அது மருந்து வேலை செய்வதன் விளைவாகவே இருக்கலாம். இதை வீட்டாரிடம் முன்பே சொல்லிவையுங்கள், இல்லாவிட்டால் மருந்தைப் பாதியில் நிறுத்திவிடுவார்கள். ஆனால் வலிப்போ மயக்கமோ வாந்தியோ வந்தால் உடனே வரச் சொல்லுங்கள்.

ஸ்கேனில் சுண்ணாம்பு படிந்த கட்டி மட்டும் இருந்தால் புழு மருந்து வேண்டாம். அது ஏற்கெனவே செத்தது.

ஹைடாட்டிட் கட்டிக்கு (நாய் வழி வரும் நாடாப்புழுவின் கட்டி) அல்பெண்டசோல் 400 மி.கி. இருவேளை மாதக்கணக்கில் போகும். இவ்வளவு நீளும்போது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கல்லீரல் பரிசோதனையும் வெள்ளணு எண்ணிக்கையும் பார்க்க வேண்டும்.

7. அமீபாவும் கியார்டியாவும்

அமீபா சீதபேதிக்கோ கல்லீரல் சீழ்க்கட்டிக்கோ மருந்து இரண்டு கட்டமாகப் போகிறது. முதல் கட்டம் திசுவுக்கு: மெட்ரோனிடசோல் 500 முதல் 750 மி.கி. மூன்று வேளை, 7 முதல் 10 நாள். அல்லது டினிடசோல் 2 கிராம் தினம் ஒரு வேளை. குடலுக்கு 3 நாள், சீழ்க்கட்டிக்கு 5 நாள்.

இரண்டாம் கட்டம் குடல் குழாய்க்கு: பாரோமோமைசின் ஒரு நாளைக்கு கிலோவுக்கு 25 முதல் 35 மி.கி., மூன்றாகப் பிரித்து 7 நாள், அல்லது டைலாக்சனைடு ஃபியூரோயேட் 500 மி.கி. மூன்று வேளை 10 நாள். அதிகம் விட்டுப்போவது இந்தக் கட்டம்தான். முதல் மருந்திலேயே காய்ச்சலும் வலியும் போய்விடுவதால் நோயாளியும் வருவதில்லை, மருத்துவரும் நினைப்பதில்லை. குடலில் தங்கிய நீர்க்கட்டி வடிவங்கள் சில மாதம் கழித்து நோயைத் திருப்பிக் கொண்டுவரும், வீட்டிலுள்ளவர்களுக்கும் பரப்பும். இரண்டு மருந்துகளையும் முதல் சீட்டிலேயே, தொடங்கும் தேதி போட்டு எழுதிவிடுங்கள். அறிகுறி இல்லாமல் ஹிஸ்டோலிட்டிகா மட்டும் உறுதியானவருக்கு இந்த இரண்டாம் கட்ட மருந்து மட்டும் போதும்.

சீழ்க்கட்டி மருந்துக்கு மசிகிறதா என்பது மூன்று நாளில் தெரிந்துவிடும். காய்ச்சல் இறங்கும், வலி குறையும். ஸ்கேனில் அந்தக் குழி மறைய மாதங்கள் ஆகும். ஆள் நன்றாக நடமாடிக்கொண்டிருக்க, படத்தைப் பார்த்து இரண்டாம் முறை மெட்ரோனிடசோல் தொடங்க வேண்டாம்.

மது கூடாது என்று எழுதியும் சொல்லியும் அனுப்புங்கள். டினிடசோல் முடிந்து மூன்று நாள்வரை அது பொருந்தும். மெட்ரோனிடசோலில் சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போகலாம், பயப்பட வேண்டியதில்லை. கைகால் மரத்துப்போனால் மட்டும் மருந்தை நிறுத்திவிட்டு வரச் சொல்லுங்கள்.

சிறுகுடலில் வாழும் ஓரணு உயிரியான கியார்டியாவுக்கு டினிடசோல் 2 கிராம் ஒரே வேளை. எளிது, முடிக்காமல் விடுபவரும் இல்லை. நிட்டசாக்சனைடு 500 மி.கி. இருவேளை மூன்று நாள் உணவோடு கொடுப்பது மாற்று. மருந்துக்குப் பிறகும் சில வாரம் பால் குடித்தால் வயிறு உப்பிப் பேதியாகலாம். அது குடலின் உட்சுவர் இன்னும் ஆறாததால் வருவது. மருந்தைத் திருப்பிக் கொடுக்கும் முன் பாலை நிறுத்திப் பாருங்கள், மலத்தையும் சோதித்துப் பாருங்கள்.

8. மலேரியா, யானைக்கால், மற்றவை

மலேரியாவில் முதல் கேள்வி: கடுமையானதா? நினைவு மங்கல், வலிப்பு, மூச்சுத்திணறல், நிற்காத வாந்தி, இவற்றில் ஒன்று இருந்தாலும் வகை தெரியக் காத்திருக்காமல் ஆர்ட்டிசுனேட் ஊசி. கிலோவுக்கு 2.4 மி.கி. (20 கிலோவுக்குக் குறைந்த குழந்தைக்கு 3 மி.கி.), 0, 12, 24-ஆம் மணி நேரம், அதன்பின் தினம் ஒன்று. குறைந்தது 24 மணி நேரம் ஊசி போட்டு, வாயால் விழுங்க முடிகிறபோது மூன்று நாள் கூட்டு மாத்திரையை முழுதாகக் கொடுக்க வேண்டும். ஊசியோடு நிறுத்தினால் எஞ்சிய கிருமி திரும்ப எழும். ஊசி பெற்றவருக்கு அடுத்த நான்கு வாரம் ஹீமோகுளோபினைக் கவனியுங்கள். தாமதமாகச் சிவப்பணு சிதைவது உண்டு.

கடுமையில்லாத ஃபால்சிபாரம் வகை மலேரியாவுக்கு ஆர்ட்டிமிசினின் கூட்டு மருந்து மூன்று நாள். ஆர்ட்டிமீத்தர்-லூமிபான்ட்ரின் என்றால் இரண்டாம் வேளை எட்டு மணி நேரத்தில், அப்புறம் காலை, மாலை. மொத்தம் ஆறு வேளை, கொழுப்புள்ள உணவோடு. முதல் வேளையை உங்கள் கண்முன் விழுங்கச் செய்து ஒரு மணி நேரம் உட்காரவையுங்கள். அதற்குள் வாந்தி எடுத்தால் திரும்பக் கொடுக்க வேண்டும்.

வைவாக்ஸ் வகை மலேரியாவில் இரத்தத்தில் உள்ளதைக் குளோரோகுவின் (மூன்று நாளில் கிலோவுக்கு 10, 10, 5 மி.கி.) அல்லது கூட்டு மருந்து கொல்லும். கல்லீரலில் உறங்குவதை அது தொடாது. அதற்குப் பிரைமாகுவின் 14 நாள், தினம் கிலோவுக்கு 0.25 மி.கி. இதற்கு முன் ஜி6பிடி பரிசோதனை வேண்டும். குறைபாடு உள்ளவருக்குச் சிவப்பணுக்கள் சரசரவென்று உடையும். சிறுநீர் கோலா நிறத்தில் போனாலோ கண் மஞ்சளித்தாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு ஓடிவரச் சொல்லுங்கள். காய்ச்சல் விட்ட நாலாம் நாளே மாத்திரையை மறந்துவிடுவது வழக்கம். ‘இது அடுத்த காய்ச்சலைத் தடுக்க’ என்று சொன்னால் முடிப்பார்கள்.

யானைக்கால் புழுவுக்கு டை-எத்தில்கார்பமசைன் தினம் கிலோவுக்கு 6 மி.கி. ஆனால் ஆற்றுக்குருடு நோய் உள்ளவருக்கு இது கூடாது, கண் பாதிக்கும். மத்திய ஆப்பிரிக்காவில் வாழ்ந்தவர் என்றால் லோவா லோவா புழுவுக்கு இரத்தம் பாருங்கள். நுண்புழு எண்ணிக்கை மிக அதிகமாக இருக்கும்போது இதையோ ஐவர்மெக்டினையோ கொடுத்தால் மூளை பாதிக்கும்.

நத்தை வழி வரும் சிஸ்டோசோமாவுக்குப் பிராசிகுவான்டெல் கிலோவுக்கு 40 மி.கி.; ஜப்பானிகம் வகைக்கு 60. இளம்புழுவை இது சரியாகக் கொல்லாது. அதனால் தண்ணீரில் கடைசியாக இறங்கி ஆறு முதல் எட்டு வாரம் கழித்துக் கொடுப்பது பலன் தரும். தட்டைப்புழு எல்லாவற்றுக்கும் இதுதான் என்று நினைத்துவிடாதீர்கள். கல்லீரல் ஃபேசியோலாவுக்கு இது பலிக்காது, டிரைகிளாபெண்டசோல் வேண்டும்.

பாலுறவால் பரவும் டிரைக்கோமோனாஸுக்கு மெட்ரோனிடசோல், பெண்களுக்கு 500 மி.கி. இருவேளை 7 நாள், ஆண்களுக்கு 2 கிராம் ஒரு வேளை. துணைவருக்கும் அன்றே கொடுக்காவிட்டால் வீண்.

9. குணமாகிவிட்டதா என்று எப்போது பார்ப்பது

சீக்கிரம் பார்ப்பதும் தவறு. குடற்புழு முட்டைக்கு மருந்து முடிந்து இரண்டு முதல் நான்கு வாரம் கழித்து. நாடாப்புழுவுக்கு ஒரு மாதத்திலும் மூன்று மாதத்திலும். டிரைக்கோமோனாஸ் பெண்களுக்கு மூன்று மாதத்துக்குள் ஒரு முறை.

மலேரியாவில் அட்டைச் சோதனையை (விரைவுச் சோதனை) வைத்துக் குணத்தை அளக்காதீர்கள். ஃபால்சிபாரம் புரதம் கிருமி செத்த பிறகும் வாரக்கணக்கில் இரத்தத்தில் இருக்கும், கோடு விழும். இரத்தத் தடவலைப் பாருங்கள். அதிலும் பிறை வடிவக் கேமீட்டோசைட் மட்டும் தெரிந்தால் அது தோல்வி அல்ல. கொசுவுக்குப் பரவும் பருவம் அது; அதைத் தடுக்கத்தான் ஃபால்சிபாரத்துக்கும் பிரைமாகுவின் ஒற்றைச் சிறு வேளை (கிலோவுக்கு 0.25 மி.கி.) சேர்க்கிறார்கள்.

நோய் திரும்பியிருந்தால், மருந்துக்கு அசையாத வகை என்று சொல்வதற்கு முன் இந்த வரிசையில் விசாரியுங்கள்: முழுதாகச் சாப்பிட்டாரா, வாந்தி எடுத்தாரா, சொன்ன உணவோடு எடுத்தாரா, எடை கூடியிருந்ததா, இரண்டாம் தவணை போட்டாரா, வீட்டில் மற்றவர்கள் எடுத்தார்களா, முதலில் சொன்ன உயிரி சரிதானா. இவை எல்லாவற்றுக்கும் பதில் சரியாக இருந்தால் அப்புறம் மருந்தை மாற்றலாம்.